ஊருக்குக் கத்தி, எனக்கு மட்டும் ஊசியா?

தம்பி,

நன்றாக இருக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டுத் தொடங்கினால் இந்தக் கடிதம் அங்கேயே நின்றுவிடும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உன் ஆஸ்பத்திரி மேசையில் நான் மல்லாந்து கிடந்தபோது, என் நாக்கு வீங்கி வாய் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. பேச வரவில்லை. ஆனால் கண் தெரிந்தது, காது கேட்டது. உன் கை எங்கே போனது என்பதை நான் பார்த்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இப்போது எழுதுகிறேன். நேரில் சொல்லலாம்தான். அப்பனும் மகனும் நேரில் பேசிக்கொள்ளும் லட்சணம் உனக்கே தெரியும். நான் "என்னப்பா" என்பேன், நீ "ஒண்ணுமில்லப்பா" என்பாய், அம்மா காப்பியைக் கொண்டுவந்து நடுவில் வைப்பாள், பேச்சு அதோடு முடிந்துபோகும்.

உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றே. உன் ஆஸ்பத்திரி நர்ஸ் சிஸ்டர்கள் படிக்கட்டும், கொண்டுவரும் ஜீப் டிரைவர் படிக்கட்டும், படித்துவிட்டு, தோட்ட வேலைக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் நாலு வீட்டில் சொன்னாலும் எனக்குச் சந்தோஷமே. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உனக்கு நினைவிருக்கும், முதல் தடவை கதண்டு கொட்டியபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏலக்காட்டில் சூப்பர்வைசராக வாழ்நாளைக் கழித்தவனுக்குக் குளவிக் கொட்டு ஒரு விஷயமா? யானை நடக்கும் பாதையில் டார்ச் கூட இல்லாமல் போய்வந்தவன் நான். ஆனால் அந்த முறை முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, உன் அம்மாவே என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். நீ படிப்பை முடித்து வந்திருந்த நேரம். "இன்னொரு தரம் கொட்டுச்சுன்னா தொண்டை அடைச்சுரும்பா, காட்டுக்குப் போகாதீங்க" என்றாய். போகாமல் எப்படி இருப்பது? ரிட்டையர் ஆனபின் வாங்கிய நம்முடைய சின்னத் தோட்டம் இருக்கிறது, காய் எடுக்கும் நாளில் நான் நிற்காவிட்டால் பாதி காய் செடியிலேயே நிற்கும். போனேன். ஆனால் அன்றிலிருந்து காதுக்குப் பக்கத்தில் ஒரு ஈ பறந்தாலும் என் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீ போடிமெட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தபோது ஊரே எனக்குக் கை கொடுத்தது. எனக்கும் பெருமைதான். பெருமை ஒரு நாள் இருந்தது, மறுநாள் பயம் வந்துவிட்டது. நாலைந்து கட்டில், இரண்டு சிஸ்டர், ஒரு டாக்டர். அந்த ஒரு டாக்டர் நீ. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கித் தேனிக்குப் போக வேண்டும். மூச்சு முட்டி வருகிற ஆளை வைத்துக்கொண்டு அந்த வளைவில் இறங்க முடியாது என்று நீயே சொன்னாய். வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் காற்று போகாதபோது, கழுத்தில் முன்பக்கமாக வழி திறந்து குழாய் போடுவதுதான் கடைசி வழி என்றும், அதற்கு எந்தச் சாமானை வாங்கி வைப்பது என்று நிர்வாகம் உன்னிடம் கேட்டிருப்பதாகவும் சொன்னாய். சொல்லிவிட்டு, "அப்பா, ஞாயித்துக்கிழமை கறிக்கடையில ஆட்டுத் தொண்டை கிடைக்குமா?" என்று கேட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மாதா கோயிலில் பூசை முடிந்து பூப்பாறைக் கறிக்கடையில் போய் நின்று, தொண்டை எல்லாவற்றையும் எனக்கே கொடு என்றேன். கடைக்காரன் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "என்ன சூப்பர்வைசரே, கறி வேணாம், தொண்டை மட்டும் போதுங்கிறீக? வீட்டுல நாய் கீய் வளக்குறீகளோ?" என்றான். "நாய் இல்லப்பா, டாக்டர் வளக்குறேன்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு ஒரு துண்டு ஈரல் இலவசமாகவே கிடைத்தது.

பின்வாசலில் துவைக்கிற கல்லின்மேல் சாக்கை விரித்து நீ எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாய். முதலில் ஊசி. தடித்த ஊசி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை, பின்னால் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சு. குத்திவிட்டு இழுத்தால் குமிழி வரும், குமிழி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டோம் என்று அர்த்தம், உறையை உள்ளே தள்ளி ஊசியை உருவ வேண்டும். பார்க்க எளிதாக இருந்தது. ஆனால் உறை மடங்கி மடங்கிப் போனது. மடங்காமல் போனாலும் அந்த ஓட்டை வழியே காற்றை அழுத்தித் தள்ள வேறொரு கருவி வேண்டும், அது நம் ஆஸ்பத்திரியில் இல்லை என்றாய். அடுத்தது கம்பி செட். ஊசியைக் குத்தி, அதற்குள் கம்பியை விட்டு, ஊசியை எடுத்து, சின்னதாகக் கீறி, கம்பி மேலேயே குழாயை ஏற்ற வேண்டும். நீ நிதானமாகச் செய்தபோது அழகாகத்தான் போனது. "இப்ப கரண்டு போயிருச்சு, சொந்தக்காரங்க எல்லாம் கத்துறாங்கன்னு வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகச் செய்தாய். கம்பி சாக்கில் விழுந்தது, நம் வீட்டுக் கோழி அதைக் கொத்த வந்தது.

பிறகு அந்த நீலப் பொட்டலம். ஊசியும் குழாயும் ஒன்றாகவே சேர்ந்து வந்த சாமான். குத்தித் தள்ளினால் குழாயும் கூடவே உள்ளே போய்விடும், வேலை முடிந்தது. எனக்கு அதுதான் பிடித்தது, ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். வெட்டு இல்லை, கொட்டுகிற ரத்தம் இல்லை, பார்க்கிறவர்களுக்கும் ஊசி போடுகிற மாதிரிதான் தெரியும். சும்மா இருந்த தொண்டையில் லேசாகப் போயிற்று. நீ அத்தோடு விடவில்லை. "தடிச்ச கழுத்துக்கும் போகுதான்னு பாக்கணும்" என்று, தொண்டையோடு கறிக்கடையில் வாங்கி வந்த ஆட்டுத் தோலை மடித்து இரண்டு சுற்றுச் சுற்றினாய். சுற்றும்போது ஒரு தடவை என் கழுத்தைப் பார்த்தாய். தோல் தடிப்பாக இருந்ததால் அழுத்தித் தள்ள வேண்டி வந்தது. தள்ளிய வேகத்தில் ஊசி முன்பக்கம் புகுந்து பின்சுவரையும் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அந்த முனை என் உள்ளங்கையில் பட்டது.

கடைசியாகக் கத்தி. ஒரு சின்னக் கத்தி, பூஜி என்று நீ சொன்ன நீளமான வளையும் குச்சி, ஒரு குழாய், அவ்வளவுதான். தோலைக் கீறி, விரலை விட்டுத் தடவி இடத்தைக் கண்டுபிடித்து, ஜவ்வைக் கத்தியால் திறந்து, குச்சியை விட்டு, குச்சிமேல் குழாயை ஏற்றினாய். பார்க்கச் சகிக்கவில்லை. சாக்கெல்லாம் நாசம். ஆனால் தோல் சுற்றினாலும் போனது, சுற்றாவிட்டாலும் போனது. "அசிங்கமா இருக்கு, ஆனா போகுதுப்பா" என்றாய். அன்றைக்கு நீ சொன்ன இன்னொன்றை நான் அப்படியே மனதில் வைத்திருக்கிறேன். "மத்ததெல்லாம் மோசம்னு நான் சொல்லல. தினம் பழகுறவங்க கையில எல்லாமே போகும். நமக்குச் சாமான் கொஞ்சமா இருக்கணும், சிஸ்டருக்கும் தெரியணும். முக்கியமா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டு வச்சா, எதை எடுக்கன்னு கை நிக்கும். அந்த நிக்கிற நேரத்துலதான் ஆள் போயிருவான்."

ஆஸ்பத்திரிக்குக் கத்திதான் என்று முடிவு செய்தாய். அதன்பிறகு கையைக் கழுவிவிட்டு, உயிரோடு இருக்கிற கழுத்தில் இடத்தைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும் என்று, அம்மாவைப் பிடித்து உட்காரவைத்துச் சங்குக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தாய். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். பக்கத்து வீட்டுக்காரர், பால் ஊற்ற வந்தவர், ஜீப் டிரைவர் என்று அகப்பட்ட கழுத்தையெல்லாம் தடவினாய். பெண்களுக்குக் கண்டுபிடிப்பதும் தடித்தவர்களுக்குக் கண்டுபிடிப்பதும் கஷ்டம் என்றாய். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு மோவாயைத் தூக்கிக் காட்டினேன். "உங்களுக்கு வேணாம்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாய். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். காலையில் காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. சும்மா நிற்க முடியாமல் நானும் ஒரு செடிக்குள் கையை விட்டேன். கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று. பெண்கள் ஓடிவந்து வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவினார்கள். கொட்டினால் எதற்கும் நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று நீ தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து சட்டை மாற்றினேன். இத்தனை நாளும் உன்னிடம் சொல்லவில்லை. முழங்காலுக்குச் சேறு, அட்டை கடித்த ரத்தம், பீடி வாடை. அந்தக் கோலத்தில் என் மகன் டாக்டராக நிற்கிற ஆஸ்பத்திரிக்குள் எப்படிப் போவேன்? அங்கே எல்லோருக்கும் நான் டாக்டரின் அப்பா. காலை மட்டும் கழுவிக்கொண்டு வெள்ளை வேட்டியை எடுத்தேன். உன் அம்மா வாசலில் நின்று, "என்னங்க, உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சுருக்கு? உசுரு போற நேரத்துல சட்டை கேக்குதா?" என்று கத்தினாள். பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே உதடு மரத்துப்போனது. கடைசிப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள். அந்தச் சட்டையைத்தான் நீ வந்ததும் வராததுமாகக் கத்தரியால் இரண்டாகக் கிழித்தாய்.

ஜீப்பில் வரும்போதே குரல் போய்விட்டது. மேசையில் படுத்தபோது மூச்சு உள்ளே போகிற சத்தம் எனக்கே கேட்டது. தொடையில் மருந்து ஊசி போட்டாய். காத்திருந்தாய். இன்னொன்று போட்டாய். முகத்தில் ஆக்சிஜன். உன் முகத்தை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சிஸ்டர் நீ சொல்லிக்கொடுத்தபடியே டிராலியைத் தள்ளிக்கொண்டுவந்து, கத்தி, குச்சி, குழாய் மூன்றையும் பிரித்து வரிசையாக வைத்தார். உன் கை அதைத் தாண்டி டிராலியின் கீழ் இழுப்பறைக்குப் போனது. நீலப் பொட்டலத்தோடு வெளியே வந்தது.

"டாக்டர், கத்தி எடுத்து வெச்சிருக்கு" என்றார் சிஸ்டர். பொட்டலம் கையில், பார்வை கத்தியில். அப்படியே நின்றாய். என்னால் முடிந்திருந்தால் உன் கையிலிருந்து அதைப் பிடுங்கி எறிந்திருப்பேன். நான் உன்னையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். நல்லவேளை, இரண்டாவது ஊசி வேலை செய்யத் தொடங்கியது. காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போக ஆரம்பித்தது. மாதா காப்பாற்றினாள் என்று உன் அம்மா அழுதாள், எல்லோரும் கும்பிட்டார்கள். நீ மட்டும் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாய் என்று டிரைவர் அப்புறம் சொன்னார். நீ எதற்காக உட்கார்ந்தாய் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் குரல் திரும்பியதும் அந்த நீலப் பொட்டலம் டிராலிக்கு எப்படி வந்தது என்று சிஸ்டரிடம் கேட்டேன். அவர் கோட்டயத்துக்காரர், என்னை அப்பச்சன் என்றுதான் கூப்பிடுவார், மறைக்கத் தெரியாதவர். "அது அப்பச்சனுக்காக டாக்டர் தனியா வாங்கி வெச்சது. வேற ஆர்க்கும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும் என்று எனக்கே பாடம் சொன்னவன், எனக்காக இரண்டாவது ஒன்றை வாங்கி வைத்திருக்கிறாய். ஊருக்கெல்லாம் கத்தி, அப்பாவுக்கு மட்டும் ஊசி. அதுவும் என்னுடையதைப் போன்ற கழுத்தில் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் என்று நீயும் நானும் கண்ணால் பார்த்த அதே சாமான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் அடுப்பைவிட்டுத் திரும்பவே இல்லை. விறகை உள்ளே தள்ளிக்கொண்டே சொன்னாள். "நான்தாங்க சொன்னேன். அன்னைக்கு அந்தத் தொண்டையெல்லாம் கெடந்த கெடையப் பாத்துட்டு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. ராத்திரி அவனைக் கூப்பிட்டு, அப்பா சங்குல மட்டும் கத்தி வைக்க மாட்டேன்னு என் தலையில கை வச்சுச் சொல்லுய்யான்னேன். புள்ளை சொன்னான்." அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அன்று மதியம் அவள் அந்த ஈரலைத் தொடாததையே நான் வயிற்று வலி என்று நினைத்தவன். நீயும் அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் கேட்காமல் இருந்திருந்தாலும் நீ அந்தப் பொட்டலத்தை வாங்கியிருப்பாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாற்காலியில் நான் மோவாயைத் தூக்கிக் காட்டியபோது, அவள் உன்னிடம் எதுவும் கேட்டிருக்கவில்லையே.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். சாவதற்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். அன்றைக்கு மூச்சு வராதபோது நான் நன்றாகவே பயந்தேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று படியில் உட்கார்ந்த உன்னைப் பற்றி. நான் போய்விடுவேன். என்னைப் பொறுத்தவரை அது அங்கே முடிந்தது. பொட்டலத்துக்கும் கத்திக்கும் நடுவே நின்றதால் அப்பா போனார் என்று நினைத்துக்கொண்டு, நீ அந்தப் படியிலேயே வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாய். அடுத்து மூச்சு முட்டி யாராவது வந்தால் அவருக்கும் உன் கை நிற்கும். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

உனக்கு நினைவே இருக்காத ஒன்று. நீ நடை பழகிய புதிதில், ஆணியில் தொங்கிய என் சட்டைப் பையிலிருந்து கொட்டைப்பாக்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய். அது தொண்டையில் சிக்கிக்கொண்டது. சத்தம் இல்லை, அழுகை இல்லை, முகம் மட்டும் நீலம் பாய்ந்தது. நான் உன்னைக் குப்புறப் பிடித்து முதுகில் அடித்தேன். முதல் அடி மெதுவாகத்தான் விழுந்தது. பிள்ளைக்கு வலிக்குமே என்ற நினைப்பில் அடித்த அடி. பாக்கு அசையவில்லை. அப்புறம் அடித்தேன் பார், யாரோ ஒருவனைப் போல அடித்தேன். பாக்கு போய்ச் சுவரில் விழுந்தது. உன் முதுகில் என் ஐந்து விரலும் சிவந்து கிடந்தது, உன் அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. என் பிள்ளை என்று நினைத்து அடித்திருந்தால் நீ இன்று டாக்டர் இல்லை. அந்த நேரத்தில் உன் அப்பாவாக இல்லாமல் இருந்ததால்தான் இன்றுவரை உன் அப்பாவாக இருக்கிறேன்.

அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். எடுத்த எடுப்பில் கத்தியைத் தூக்கு என்று சொல்லவில்லை. ஊசி போடு, காத்திரு, வாயிலோ மூக்கிலோ வழி இருக்கிறதா என்று பார், உன் படிப்பு சொல்கிறபடி எல்லாம் செய். இனி வேறு வழி இல்லை என்று ஆனபிறகு நில்லாதே. மேசையில் கிடப்பது லயத்திலிருந்து வந்த யாரோ ஒரு ஆள் என்று வைத்துக்கொள். வேலைக்காரர்களைப் பார்த்து எத்தனையோ தடவை "சங்கை அறுத்துருவேன்டா" என்று கத்தியவன் நான். ஒருத்தர் சங்கையும் அறுத்ததில்லை, அவர்களும் பயந்ததில்லை. இப்போது என் சங்கில் கத்தி வை என்று நானே சொல்கிறேன். வைத்தும் நான் பிழைக்காமல் போனால், அது கதண்டின் வேலை, சட்டை மாற்றிய என் கிறுக்கின் வேலை. உன் கையின் வேலை அல்ல. இதை நீ சத்தியமாக எடுத்துக்கொள்.

உறையை ஒட்டாத காரணம் இதுதான். நாளைக்கு நீ வேறு யாருக்காவது இதைச் செய்ய வேண்டி வரலாம். பார்க்கிறவர்கள் டாக்டர் கழுத்தை அறுத்துவிட்டான் என்று கூடிவிடுவார்கள். மலையில் பேச்சு எப்படிப் பரவும் என்று உனக்குத் தெரியும், ஜீப் போய்ச் சேருவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிடும். அந்த நேரத்தில் உனக்குப் பின்னால் யார் நிற்பார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது. என் பேச்சுக்கு இந்தத் தோட்டங்களில் இன்னமும் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. தன் கழுத்தையே வெட்டச் சொல்லி மகனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் சூப்பர்வைசர் என்று முன்கூட்டியே பேச்சுப் பரவட்டும். நம் பங்குச் சாமியாரிடமும் இதில் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன், பூசை முடிவில் வாசித்தாலும் எனக்கு வெட்கம் இல்லை. சட்டை மாற்றிய கதையையும் சேர்த்தே வாசிக்கட்டும், நாலு பேராவது சட்டை மாற்றாமல் வருவார்கள். என்னைப் பொறுத்தவரை, இனி கொட்டினால் கோவணத்தோடு வந்து இறங்குவேன். அதை மட்டும் சிஸ்டர்களிடம் முன்பே சொல்லிவை.

அந்த நீலப் பொட்டலத்தை டிராலியிலிருந்து எடுத்துவிடு. பெரிய ஆஸ்பத்திரியில் யாருக்காவது பழக்கம் இருந்தால் அவர்களிடம் கொடு, நல்ல சாமான்தான், உன் டிராலிக்கு ஆகாது. அம்மாவின் தலையில் கை வைத்துச் சொன்னதைப் பற்றிக் கவலைப்படாதே. தினமும் காலையில் சவரம் செய்யும்போது நானே அந்த இடத்தைத் தேடிப் பார்க்கிறேன். சங்கு மேடு, அதற்குக் கீழே ஒரு சின்னப் பள்ளம், அப்புறம் ஒரு கெட்டியான வளையம். பள்ளம் எனக்கு ஒரு நாள் அகப்படுகிறது, ஒரு நாள் அகப்படவில்லை. முந்தாநாள் அம்மா என் கையைத் தட்டிவிட்டு அவளே விரலை வைத்துத் தேடினாள். கண்டுபிடித்ததும் விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள். "எழுதுறப்ப இதையும் சேத்து எழுதுங்க" என்றாள். "என் தலையில வச்ச கையை எடுத்துக்கச் சொல்லுங்க. கை நடுங்குனா நடுங்கட்டும், நிக்க மட்டும் வேணாம்னு எழுதுங்க." எழுதிவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுவிட்டு வா. கறிக்கடையில் தொண்டைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை தான் பிடித்துக்கொள்வதாக உன் அம்மா சொல்கிறாள். ஆனால் வந்ததும் அதை எடுக்காதே. பின்வாசலில் நாற்காலி போட்டு, நன்றாகச் சவரம் செய்துகொண்டு, மோவாயைத் தூக்கி உட்கார்ந்திருப்பேன். ஊரில் இருக்கிற கழுத்தையெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டாய், என் கழுத்து ஒன்றுதான் பாக்கி. முதலில் அதில் கை வை.

அப்பா